இரண்டு தேக்கரண்டி பெற்றோல்

தெஹிவளையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் பத்துப் பன்னிரண்டு கார்கள் நிற்கும். பாதிக்கு மேல் ஹைபிரிட். இரண்டாம் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர், லிஃப்டுக்குக் காத்துநின்ற ஒரு மாலையில் என்னிடம் கேட்டார்.

“தம்பி, உங்கட காரை ஒரு நாளும் பிளக்கில குத்திச் சார்ஜ் பண்ணினதை நான் காணேல்லை. அப்ப அதுக்குள்ள கறண்ட் எங்கையிருந்து வருது?”

“எஞ்சின்தான் உண்டாக்குது, அங்கிள்.”

“எஞ்சின் எதில ஓடுது?”

“பெற்றோலில.”

“பெற்றோலை எரிச்சு, கறண்ட் எடுத்து, அதைப் பற்றரியில போட்டு, பிறகு அதை எடுத்துச் சில்லைச் சுத்துறதோ? நேரா பெற்றோலாலயே சுத்தலாமே. நடுவில தரகர் வந்தால் செலவு கூடுமே தவிரக் குறையாது. இது எந்த ஊர்க் கணக்கு?”

லிஃப்ட் வந்துவிட்டது. பதில் சொல்ல இரண்டு மாடி போதவில்லை. இந்த அத்தியாயம் அவருக்குச் சொல்லாமல் விட்ட பதில்.

தரகர் கேள்வி

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவருடைய ஆட்சேபம் சரியானது. சக்தியை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெப்பமாகக் கழிந்துபோகும். இதற்கு விலக்கான இயந்திரம் உலகில் இல்லை. அப்படியானால் மின்பிறப்பாக்கி, பற்றரி, மோட்டார் என்று மூன்று தரகர்களை வைத்திருக்கும் ஹைபிரிட், சாதாரண காரைவிட அதிகம் குடிக்க வேண்டும்.

ஆனால் காலி வீதி நெரிசலில் நடப்பது நேர்மாறு. ஒரு லீற்றரில் 12 கிலோமீற்றர் ஓடும் சாதாரண காருக்குப் பக்கத்தில், அதே அளவு ஹைபிரிட் 20ஐத் தாண்டி ஓடுகிறது.

இன்னொரு விநோதமும் உண்டு. சாதாரண கார் கொழும்புக்குள் அதிகம் குடிக்கும், யாழ்ப்பாணப் பயணத்தில் குறைவாகக் குடிக்கும். ஹைபிரிட்டில் அந்த வித்தியாசம் அநேகமாக மறைந்துவிடுகிறது. சிலருக்கு நகரத்தில்தான் கணக்கு இன்னும் நன்றாக வருகிறது. நெரிசலை விரும்புகிற கார் என்று ஒன்று இருக்க முடியுமா?

இரண்டு புதிருக்கும் திறப்பு ஒன்றுதான். அதைத் தேட, சாதாரண காரொன்றில் தெஹிவளையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போவோம்.

ஒரு லீற்றர் எங்கே போகிறது?

காலை ஏழரை மணி. தெஹிவளைச் சந்தியில் புறப்பட்டு, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, காலிமுகத்திடல், கோட்டை, புறக்கோட்டை என ஊர்ந்து, கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயத்தடியில் நிற்கிறோம். தூரம் ஏறத்தாழ 12 கிலோமீற்றர். காரும் அதில் இருப்பவர்களுமாகச் சேர்ந்து 1,200 கிலோகிராம் என்று வைப்போம். ஏசி ஓடுகிறது. செலவு ஏறத்தாழ ஒரு லீற்றர் பெற்றோல்.

இந்த ஒரு லீற்றர் மூன்று வழிகளில் போகிறது. பின்வரும் எண்கள் பௌதிகப் பாடப்புத்தகக் கணக்கிலிருந்து நான் போட்ட தோராயங்கள். உங்கள் காரில் கொஞ்சம் கூடலாம், குறையலாம். விகிதம் பெரிதாக மாறாது.

முதலாவது, உருட்டும் செலவு. ரயர் நசுங்கி நிமிர்வதற்கும் காற்றைக் கிழித்துப் போவதற்கும் ஆகும் செலவு இது. 12 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 300 மில்லிலீற்றர்.

இரண்டாவது, நிற்கும் செலவு. சிக்னலிலும், முன்னால் ஆள் ஏற்றும் 101ஆம் இலக்க பஸ்ஸுக்குப் பின்னாலும் நாம் நிற்கும் நேரத்தைக் கூட்டினால் 25 நிமிடத்துக்குக் குறையாது. கார் ஓர் அங்குலம் நகராத அந்த நேரத்திலும் எஞ்சின் சுற்றுகிறது, ஏசியை இழுக்கிறது. அதற்கு ஏறத்தாழ 350 மில்லிலீற்றர்.

மூன்றாவது, நிறுத்தும் செலவு. மிச்சம் 350 மில்லிலீற்றர் இதில் போகிறது. இதைத்தான் நாம் ஒருவரும் கவனிப்பதில்லை.

ஒவ்வொரு பிறேக்கும் ஒரு கோப்பை பிளேன்ரீ

நிறுத்துவதற்கு எதற்குப் பெற்றோல்? பிறேக்கை மிதிப்பது கால்தானே?

ஓடும் காருக்குள் ஒரு சேமிப்பு இருக்கிறது. அதன் பெயர் இயக்கசக்தி: அசையும் பொருள் தன் அசைவில் வைத்திருக்கும் சக்தி. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் நமது காரிடம் ஏறத்தாழ 74 கிலோயூல் இயக்கசக்தி உண்டு. அந்த எண் மனதில் நிற்காது என்றால் இப்படி நினையுங்கள்: ஒரு கோப்பை தண்ணீரைக் குழாயில் வந்த சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிகம்.

வெள்ளவத்தைச் சந்தையடியில் சிவப்பு விளக்கு விழுகிறது. பிறேக்கை மிதிக்கிறோம். பிறேக் கட்டைகள் சில்லோடு சுற்றும் தட்டை இறுக்கிப் பிடிக்கின்றன. உராய்வில் தட்டு சுடுகிறது. கார் நிற்கிறது. அந்த 74 கிலோயூலும் வெப்பமாகிக் காலி வீதிக் காற்றில் கலந்துவிட்டது. ஒரு கோப்பை பிளேன்ரீக்கான சூட்டைச் சந்தையடியில் இலவசமாகக் கொடுத்துவிட்டோம்.

பச்சை விழுந்ததும் மறுபடியும் 40க்குப் போக வேண்டும். அதே 74 கிலோயூலைப் புதிதாக வாங்க வேண்டும். ஒரு தேக்கரண்டி பெற்றோலில் ஏறத்தாழ 160 கிலோயூல் இருக்கிறது. அரைத் தேக்கரண்டி போதும் போலத் தெரியும். ஆனால் நகர ஓட்டத்தில் எஞ்சின், எரியும் பெற்றோலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் சில்லுக்கு அனுப்புகிறது. மிச்சம் புகைக்குழாய் வழியும் ரேடியேற்றர் வழியும் வெப்பமாகப் போய்விடும். ஆகவே அரைத் தேக்கரண்டியின் வேலைக்கு இரண்டு தேக்கரண்டிக்குமேல் ஊற்ற வேண்டியிருக்கிறது.

கொட்டாஞ்சேனை போய்ச் சேருவதற்குள் இப்படி முப்பது தடவை. முப்பது கோப்பை பிளேன்ரீ, எழுபது தேக்கரண்டி பெற்றோல். மூன்றாவது பங்கான 350 மில்லிலீற்றர் இதுதான்.

இப்போது மூன்று செலவையும் மறுபடி பாருங்கள். உண்மையில் நம்மைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனது முதல் 300 மில்லிலீற்றர் மட்டும். மற்ற 700உம் நின்றதற்கும் நிறுத்தியதற்கும் கொடுத்த தண்டம். கணக்காளர் ஐயாவின் கேள்விக்கான பதில் இந்த 700க்குள் இருக்கிறது. தரகர்கள் கூலி எடுப்பது உண்மை. ஆனால் அவர்கள் கை வைப்பது எப்படியும் வீணாகப் போகவிருந்த காசில்.

சைக்கிள் டைனமோ சொன்ன பாடம்

வீணாகும் இயக்கசக்தியைப் பிடிப்பது எப்படி? யாழ்ப்பாணத்தில் 1990களில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. மின்சாரம் இல்லை, பற்றரி கிடைக்காது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வயர் கொடுத்து ரேடியோவில் செய்தி கேட்ட காலம் அது.

அந்த டைனமோவை ஓடும் சைக்கிளின் ரயரோடு சாய்த்தால் என்ன நடக்கும் என்பதை நினைவுபடுத்துங்கள். விளக்கு எரியும். அதே நேரம் மிதிப்பது பாரமாகும். மிதிப்பதை விட்டால் சைக்கிள் வழமையைவிடச் சீக்கிரம் வேகம் குறையும். அதாவது டைனமோ ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது: மின்சாரம் உண்டாக்குகிறது, பிறேக்கும் பிடிக்கிறது. வெளிச்சமாக வெளியே வருவது சைக்கிளின் இயக்கசக்தி.

ஹைபிரிட் காரின் பிறேக் அந்த டைனமோதான். காரை ஓட்டும் மின்மோட்டாரைத் தலைகீழாக வேலை வாங்கினால் அது மின்பிறப்பாக்கியாகிவிடும். நீங்கள் பிறேக்கை மெல்ல மிதிக்கும்போது பிறேக் கட்டை தட்டைத் தொடுவதில்லை. சில்லு மோட்டாரைச் சுற்றுகிறது, மோட்டார் மின்னைப் பற்றரிக்கு அனுப்புகிறது, அந்த இழுவையில் கார் வேகம் குறைகிறது. இதை மீட்பு பிறேக் என்று அழைப்போம். பச்சை விழுந்ததும் பற்றரி அதைத் திருப்பி மோட்டாருக்குக் கொடுக்கிறது. எஞ்சின் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கார் நகரத் தொடங்குகிறது.

முழுவதும் திரும்பி வராது. போகும் வழியில் கொஞ்சம், பற்றரிக்குள் கொஞ்சம், வரும் வழியில் கொஞ்சம் கழியும். கைக்கு வருவது ஏறத்தாழ பாதி. முன்னால் ஓட்டோ குறுக்கே வந்து நீங்கள் திடீரென்று அமத்தினால் அதுவும் இல்லை. அப்போது காரின் கணினி பாதுகாப்பை நினைத்துப் பழைய உராய்வு பிறேக்கையும் சேர்த்துப் பிடிக்கும், தேத்தண்ணிதான் மிஞ்சும். தூரத்திலேயே சிவப்பைக் கண்டு மெல்ல மிதிப்பவருக்கும், கிட்டப்போய் அமத்துபவருக்கும் ஒரே காரில் வேறு வேறு கணக்கு வருவது இதனால்தான்.

மீட்பு பிறேக்கால் ஓர் உபரி லாபமும் உண்டு. கட்டைகள் அதிகம் உரசாததால் சாதாரண காரைவிட நீண்ட காலம் உழைக்கும்.

கிடாரத்தில் ஒரு கோப்பை தண்ணீர்

இரண்டாவது மிச்சம் எஞ்சினுக்குள் இருக்கிறது. நகரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் வேலைக்குப் போகிறது என்றேன். அது எஞ்சினின் குற்றமல்ல. நாம் அதை நடத்தும் விதம்.

கலியாண வீட்டுக் கிடாரத்தை அடுப்பில் ஏற்றி ஒரேயொரு கோப்பை தண்ணீரைக் கொதிக்க வைத்தால் எப்படி இருக்கும்? கிடாரத்தைச் சூடாக்கவே விறகெல்லாம் போய்விடும். கார் எஞ்சின் ஒரு கிடாரம். கடுகண்ணாவை ஏற்றத்தில் ஐந்து பேரோடு லொறியை முந்துவதற்காக அதைப் பெரிதாகச் செய்திருக்கிறார்கள். அதே எஞ்சினைப் பம்பலப்பிட்டியில் ஊரவிட்டால் தன் பாகங்களைச் சுற்றுவதற்கே பெரும்பகுதியைச் செலவழிக்கும்.

ஹைபிரிட் இங்கே செய்வது நல்ல குடும்பத்தலைவி செய்வதுதான். சமைத்தால் கிடாரம் நிறையச் சமைப்பாள், இல்லாவிட்டால் அடுப்பை அணைத்துவிடுவாள். எஞ்சின் ஓடும்போது அதற்கு வசதியான பாரத்தில் ஓடுகிறது, சில்லுக்கு வேண்டியது போக மிஞ்சியது பற்றரிக்குப் போகிறது. போதுமானது சேர்ந்ததும் எஞ்சின் நின்றுவிடும்.

இன்னொரு உபாயமும் இருக்கிறது. ஜேம்ஸ் அட்கின்சன் என்ற பிரித்தானியப் பொறியியலாளர் 1882இல் ஓர் எஞ்சின் முறைக்கு உரிமம் பெற்றார். எரிந்த வாயு விரிந்து தள்ளும் தூரத்தை, அதை அமுக்கிய தூரத்தைவிட நீளமாக்குவது அதன் சாரம். அதே பெற்றோலில் கூடுதல் வேலை கிடைக்கும், ஆனால் எஞ்சினின் உடனடி வலு குறையும். பச்சை விழுந்ததும் பாய முடியாத எஞ்சினை யார் வாங்குவார்? பாய்வதற்கு மின்மோட்டார் துணைக்கு வந்த பிறகுதான் அந்தப் பழைய யோசனை கார்களுக்குள் நன்றாக வேலைசெய்யத் தொடங்கியது. 1997 டிசெம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் அந்த முறையில் ஓடியது. 2015இல் வந்த நான்காம் தலைமுறை பிரியஸில், பெற்றோலின் சக்தியில் உச்சமாக 40 சதவீதம் வேலையாக மாறுகிறது என்று டொயோட்டா அறிவித்தது.

எஞ்சின் ஒன்று, சில்லைச் சுற்றும் மோட்டார் வேறு என்ற ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. தெஹிவளை ஸ்டேசனில் நின்றால் கடலோரமாக வரும் பழைய ‘கனேடியன்’ இழுவை எஞ்சின்களைப் பாருங்கள். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954இல் கனடாவிலிருந்து வரத் தொடங்கியவை. அவற்றில் டீசல் எஞ்சின் சில்லோடு தொடுப்பே இல்லாமல் மின்பிறப்பாக்கியை மட்டும் சுற்றும், ரயிலை இழுப்பது மின்மோட்டார். அங்கே இல்லாதது பற்றரி. பற்றரி இல்லாததால் மிச்சம் பிடித்து வைக்கவும் இடமில்லை.

மறுபடியும் கொட்டாஞ்சேனைக்கு

அதே காலை, அதே வீதி, அதே முப்பது நிறுத்தம். இப்போது ஹைபிரிட்டில் போகிறோம். 2011 டிசெம்பரில் ஜப்பானில் அறிமுகமாகி, இங்கே வீதிக்கு வீதி காணக் கிடைக்கும் டொயோட்டா அக்குவா போன்ற ஒன்று.

உருட்டும் செலவு 300லிருந்து ஏறத்தாழ 225 ஆகிறது. ரயரும் காற்றும் மாறவில்லை, எஞ்சின் நல்ல பாரத்தில் வேலை செய்வதால் வந்த மிச்சம் அது.

நிற்கும் செலவு 350லிருந்து 150 ஆகிறது. நிற்கும்போது எஞ்சின் ஓய்ந்துவிடும். ஏசி மின்சாரத்தில் ஓடுகிறது. அந்த மின்சாரத்துக்குரிய பெற்றோலைப் பிறகு எஞ்சின் எரித்தேயாக வேண்டும் என்பதால் இந்த எண் பூச்சியத்துக்குப் போகாது. ஏசியை அணைத்தால் இன்னும் குறையும். கொழும்பு வெக்கையில் அந்தத் தியாகத்தை நான் சிபாரிசு செய்யவில்லை.

நிறுத்தும் செலவு 350லிருந்து 175 ஆகிறது. பாதி மீண்டு வந்துவிட்டது.

கூட்டினால் 550 மில்லிலீற்றர். லீற்றருக்கு ஏறத்தாழ 22 கிலோமீற்றர். மிச்சமான 450இல், 375 மில்லிலீற்றர் நிற்பதிலும் நிறுத்துவதிலும் இருந்து வந்தது. அந்தக் கார் எந்தச் சக்தியையும் உண்டாக்கவில்லை. கீழே சிந்திய சில்லறையைப் பொறுக்கி ஓர் உண்டியலில் போட்டுக்கொண்டது.

சில்லறை சிந்தாத வீதிகள்

உண்டியல் வைத்திருப்பவருக்குச் சில்லறை சிந்தும் இடம் வேண்டும். யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பாதையை நினைத்துப் பாருங்கள். அநுராதபுரம் தாண்டி வவுனியா நோக்கி நேர் வீதியில் 80இல் போகிறோம். பிறேக்கை எப்போது மிதித்தோம்? வழியில் மாடு நின்றபோது ஒரு தடவை.

இங்கே பெற்றோலைத் தின்பது காற்று. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். பிறேக்கில் இழந்ததை மீட்கலாம், காற்றுக்குக் கொடுத்ததை எந்தப் பற்றரியாலும் திருப்பி வாங்க முடியாது. அத்தோடு அந்த வேகத்தில் சாதாரண எஞ்சினும் கிடாரம் நிறையச் சமைத்துக்கொண்டிருக்கிறது. எனவே ஹைபிரிட்டின் அனுகூலம் நெடும்பயணத்தில் நன்றாகச் சுருங்கிவிடும். எஞ்சின் நல்லது என்பதால் மறைந்துபோவதில்லை. ஆனால் காலி வீதியில் கண்ட இரட்டிப்பை வவுனியாவில் எதிர்பார்க்கக் கூடாது. இரண்டாவது புதிரும் இதோடு அவிழ்ந்தது. ஹைபிரிட் நெரிசலை விரும்புவதில்லை, நெரிசலின் தண்டத்தில் பெரும்பகுதியைக் கட்டாமல் தப்பிக்கொள்கிறது.

மலைநாட்டில் வேறொரு எல்லை தெரியும். 1,868 மீற்றர் உயர நுவரெலியாவிலிருந்து றம்பொடை ஆஞ்சநேயர் கோயிலைக் கும்பிட்டுக்கொண்டு இறங்குகிறோம். இவ்வளவு இறக்கத்துக்கும் பற்றரி நிரம்பி வழியுமே என்று தோன்றும். வழியத்தான் செய்கிறது, அதுவே குறை. அக்குவாவின் பற்றரி ஏறத்தாழ 0.9 கிலோவோற்மணி மட்டும் கொள்ளும். அதிலும் பாதியளவைத்தான் கார் பயன்படுத்த விடும். குடும்பத்தோடு நிறைந்த கார் 100 மீற்றர் உயரம் இறங்கினால் ஏறத்தாழ 0.4 கிலோவோற்மணி வெளிவரும். உராய்வும் காற்றும் தம் பங்கை எடுத்தாலும், முதல் சில நூறு மீற்றர் இறக்கத்திலேயே உண்டியல் நிறைந்துவிடும். மிச்ச மலை முழுவதும் பழைய பிறேக்தான். அதற்காகவே கியர் தடியில் ‘பி’ என்று ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றரி என்று நினைத்து நகரத்தில் போட்டுக்கொண்டு ஓடுபவர்கள் உண்டு. அது எஞ்சினை இழுவையாக்கிக் காரைப் பிடித்து வைக்கும் இடம், நீண்ட இறக்கத்துக்கு மட்டும் உரியது.

பின் ஆசனத்துக்குக் கீழே ஒரு கிழவர்

இதுவரை வரவுப் பக்கம். செலவுப் பக்கத்தின் முதல் வரி பற்றரி.

அக்குவாவின் பின் ஆசனத்துக்குக் கீழே 120 நிக்கல் உலோக ஐதரைட்டுக் கலங்கள் வரிசையில் கோர்க்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் 1.2 வோல்ற், மொத்தம் 144 வோல்ற். கோர்வை என்பதால் சங்கிலிக்குள்ள குணம் இதற்கும் உண்டு: மிகப் பலவீனமான கலம் எதுவோ அதுவே முழுப் பற்றரியின் பலம். சில கலங்கள் சேர்ந்த ஒரு தொகுதி தளர்ந்ததும் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். பஞ்சிகாவத்தைப் பக்கம் போனால் பழுதான தொகுதியை மட்டும் மாற்றித் தரும் பாஸ்மார் இருக்கிறார்கள். அது மலிவு. ஆனால் மற்றத் தொகுதிகளுக்கும் அதே வயது. இன்று ஒன்று போனால் அடுத்தது வரிசையில் நிற்கிறது என்பதை அறிந்துகொண்டு செய்ய வேண்டிய வைத்தியம் அது.

பற்றரிக்கு இரண்டு எதிரிகள்: வெப்பமும் காலமும். வெப்பத்தை எதிர்க்க ஒரு சிறு விசிறி உண்டு. அது காருக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றைப் பின் ஆசனத்தோரம் உள்ள ஒரு துவாரம் வழியாக இழுக்கும். அந்தத் துவாரத்தை மறைத்துப் பாடசாலைப் பைகளை அடுக்குவதும், அதன் வலையில் பஞ்சும் தூசும் படிய விடுவதும் பற்றரியின் ஆயுளைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். ஆண்டுக்கு ஒரு தடவை அதைத் துப்பரவாக்குவதுதான் ஹைபிரிட் பராமரிப்பில் மிக மலிவான வேலை.

காலத்தை எதிர்க்க வழியில்லை. ஓடினாலும் நின்றாலும் கலங்கள் முதுமையடையும். நின்றால் இன்னொரு சில்லறைத் தொல்லையும் உண்டு. பெரிய பற்றரியை விழிக்க வைக்கும் கணினி, தனியான ஒரு 12 வோல்ற் பற்றரியில் இயங்குகிறது. அது இறங்கிவிட்டால் பெரியவர் நிறைந்த வயிற்றோடு இருந்தும் கார் எழும்பாது. 2020 மார்ச்சில் தொடங்கிய ஊரடங்கு தளர்ந்த பின், எங்கள் கீழ்த்தளத்தில் மூன்று ஹைபிரிட்கள் வயர் கொடுத்துத்தான் எழும்பின.

வெள்ளக் காலத்திலும் விபத்திலும் நினைவிருக்க வேண்டியது செம்மஞ்சள் நிற வயர்கள். உயர் மின்னழுத்தம் ஓடுபவை அவை. தெரியாத கை அங்கே போகக் கூடாது.

ரூபாய்க் கணக்கு

கணக்காளர் ஐயா இதுவரை பொறுமையாக இருந்திருப்பார். இனி அவருடைய மொழி.

கணக்குக்கு வசதியாகப் பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று வைப்போம். ஒரு வழிக்கு 450 மில்லிலீற்றர் மிச்சம். மாதம் 25 நாள், போக வர 50 தடவை. மிச்சம் 22.5 லீற்றர், 6,750 ரூபா. ஆண்டுக்கு 81,000. (கூடவே, லீற்றருக்கு 2.3 கிலோகிராம் காபனீரொட்சைட்டு என்ற அளவில், மாதம் ஏறத்தாழ 50 கிலோகிராம் புகை குறைகிறது.) ஹைபிரிட் என்பதற்காக 5 இலட்சம் கூடக் கொடுத்திருந்தால், அது திரும்பி வர ஆறு ஆண்டு ஆகும். அதற்குள் பற்றரிக்கு ஒரு வைத்தியம் வந்தால் இன்னும் தள்ளிப்போகும். மாத மிச்சத்தில் ஒரு பங்கைச் சீட்டுக் கட்டுவதுபோல் பற்றரிக்கென்று ஒதுக்கி வைப்பவர் தப்பித்துக்கொள்வார்.

நாளெல்லாம் கொழும்புக்குள் ஓடி மாதம் 3,000 கிலோமீற்றர் காட்டும் வாடகைக் கார்க்காரருக்கு மாத மிச்சம் 33,750 ரூபா. அவருடைய 5 இலட்சம் ஒன்றேகால் ஆண்டில் திரும்பிவிடும். வாடகைக்கு ஓடுபவர்கள் ஹைபிரிட்டை விடாப்பிடியாக வைத்திருப்பதன் காரணம் இது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெளியே எடுத்து அதே பாதையில் போய் வருபவருக்கு அதே பணம் திரும்ப 35 ஆண்டுக்கு மேலாகும். பற்றரி அவ்வளவு காலம் காத்திருக்காது.

இந்த நாட்டில் ரூபாய்க் கணக்கை ஒரு தாளில் முடிக்கவும் முடியாது. 2010களின் முற்பகுதியில் வரிச் சலுகை இருந்தபடியால்தான் ஹைபிரிட்கள் இவ்வளவு வந்து இறங்கின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடையில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பழைய காரே தங்கமாக இருந்தது. அந்தத் தங்கத்தின் பின் ஆசனத்துக்குக் கீழே பத்து வயது தாண்டிய பற்றரி இருக்கிறது என்பதை வாங்குபவர் மறக்கக் கூடாது. மீற்றர் காட்டும் கிலோமீற்றரைவிடக் காரின் வயதும், ஸ்கேன் செய்து பார்த்த கலங்களின் நிலையும் நம்பத்தக்க சாட்சிகள்.

ஒரு காலத்தில் ரூபாயே அளவுகோலாக இல்லாமல் போனது. 2021 டிசெம்பரில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்ரேன் பெற்றோல், 2022 யூன் கடைசியில் 470 ஆனது. காசு இருந்தாலும் பெற்றோல் ஷெட்டில் நாட்கணக்கில் வரிசை. பிறகு கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். நெரிசலில் சாதாரண காருக்கு அது 240 கிலோமீற்றர், ஹைபிரிட்டுக்கு 440. அந்த 200 கிலோமீற்றர் வித்தியாசத்துக்கு அன்று விலை போட முடிந்திருக்காது. முழு மின்சாரக் காருக்கு வரிசை இல்லைத்தான். ஆனால் அதே ஆண்டு மார்ச் முடிவில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலத்தைத் தொட்டது. தொடர்மாடிக் கீழ்த்தளத்தில் சொந்தப் பிளக் இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு, எங்கேயும் குத்தத் தேவையில்லை என்பதே ஹைபிரிட்டின் பெரிய வசதி.

எண்ணிப் பாருங்கள்

ஆகவே வாங்குவதற்கு முன் காரைப் பார்ப்பதைவிட உங்கள் பாதையைப் பாருங்கள். ஒரு வாரம், இப்போதுள்ள வாகனத்தில், இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை தடவை முழுதாக நின்றீர்கள், மொத்தம் எத்தனை நிமிடம் நின்றீர்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இரண்டு தேக்கரண்டி, ஒவ்வொரு நிமிடத்துக்கும் மூன்று. கூட்டி வரும் பெற்றோலில் ஏறத்தாழ பாதி ஹைபிரிட்டில் மிஞ்சும். அதன் விலையை, நீங்கள் கூடக் கொடுக்கப்போகும் பணத்துக்கும் பற்றரிச் செலவுக்கும் பக்கத்தில் எழுதுங்கள்.

இதை ஒரு தாளில் எழுதிக் கணக்காளர் ஐயாவிடம் கொடுத்தேன். பத்து நாள் கழித்து அதே லிஃப்ட் வாசலில் தாளைத் திருப்பித் தந்தார். பென்சிலில் இரண்டு நிரல் போட்டிருந்தார். ஒன்று அவருடையது: வெள்ளிக்கிழமை மயூராபதி அம்மன் கோயில், ஒரு தடவை களுபோவில ஆஸ்பத்திரி, மொத்தம் 19 நிறுத்தம். மற்றது கொட்டாஞ்சேனையில் வேலை செய்யும் மகளுடையது: ஐந்து நாளில் 326.

“நீர் சொன்னது சரி தம்பி,” என்றார். “அந்தப் பற்றரி சும்மா நிண்டாலும் வயசு போகுமெண்டால், வீட்டில அப்பிடி ஒருத்தர் காணும். மகளின்ரை காரை மாத்துவம். என்ரை பழையது இருக்கட்டும்.”